எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை

1990களின் கடைசியில் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில், பிறந்த குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதன் ஒரு கிளையாக 464 குழந்தைகளின் மூக்கின் உட்புறத்தை மெல்லிய பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துச் சோதித்தார்கள். இரண்டு மாதம், நான்கு மாதம், ஆறு மாதம் என மூன்று முறை. இரண்டாம் மாதத்திலேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருந்தது. ஆறாம் மாதத்தில் பத்துக்கு ஏழு பேரிடம் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருந்தார்கள். பால் குடித்தார்கள், சிரித்தார்கள், குப்புற விழுந்தார்கள்.

தட்டம்மை வைரஸ் ஊருக்குள் நுழைந்தால் காய்ச்சலும் தடிப்புமாக எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நியூமோகாக்கஸ் அப்படி வருவதில்லை. மூக்குக்கும் தொண்டைக்கும் இடைப்பட்ட ஈரமான இடத்தில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் தங்குகிறது. ஒரு வகை போனால் இன்னொரு வகை வருகிறது. அக்காவிடமிருந்து தம்பிக்கு, அங்கன்வாடியில் ஒரே பாயில் தூங்கும் பிள்ளைகளுக்குள், பேத்தியைக் கொஞ்சும் தாத்தாவுக்கு என்று மூச்சுத் துளியிலும் எச்சிலிலும் பரவுகிறது. இப்படித் தங்கிப் போகும் எத்தனையோ முறைகளில் ஏதோ ஒரு முறை அது நெஞ்சுக்குள் இறங்குகிறது, நிமோனியா வருகிறது. ரத்தத்தில் கலந்து மேலே ஏறினால் மூளைக்காய்ச்சல். காதுக்குள் போனால் சீழ்.

2015ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயது நிறையாத பிள்ளைகள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்தக் கிருமியால் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அதில் 68,000க்கு மேற்பட்டவர்கள் இந்தியப் பிள்ளைகள். வேறெந்த நாட்டையும்விட இது அதிகம்.

நான் குழந்தைகள் பிரிவில் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு கார்த்திகை மாத இரவில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளாகக் காய்ச்சல். “சளிதான்னு நெனச்சோம் டாக்டர். மெடிக்கல்ல கேட்டு மருந்து வாங்கி ஊத்தினோம்” என்றார் தாய். உடன் வந்த பாட்டி, “கணைச்சூடுன்னு வேப்பிலை அடிச்சோம்யா” என்றார். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆக்சிஜன் வைத்தோம், ஊசி மருந்து ஏற்றினோம். அதன் பிறகுதான் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தோம். மருந்து முதலில் போய்விட்டதால் தட்டில் ஒன்றும் வளரவில்லை. நான்காம் நாள் அந்தக் குழந்தை இறந்தது. நோயாளி ஏட்டில் ‘நிமோனியா’ என்று ஒரு சொல் எழுதினோம். எந்தக் கிருமி என்பது தெரியாது. கிருமி நியூமோகாக்கஸ்தான் என்று வைத்துக்கொண்டாலும், அதன் நூறு வகைகளில் எந்த வகை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் கேட்கிறேன்.

சர்க்கரைச் சட்டை

நியூமோகாக்கஸைக் கண்டுபிடித்த கதையிலேயே அதன் குணம் தெரிந்துவிடுகிறது. 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதைக் கண்டார்கள். பாஸ்டர் எடுத்தது வெறிநாய்க்கடியால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலில். ஸ்டெர்ன்பெர்க் எடுத்தது தன்னுடைய சொந்த எச்சிலில். அவருக்கு எந்த நோயும் இல்லை. அந்த எச்சிலை முயல்களுக்குச் செலுத்தியபோது முயல்கள் செத்தன.

இந்த பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சர்க்கரைப் பூச்சு இருக்கிறது. நம் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கிவிடாமல் காப்பது இந்தச் சட்டைதான். சட்டையின் வேதியமைப்பு மாறினால் வகை மாறுகிறது. இதுவரை 100க்கும் மேற்பட்ட வகைகள் தெரியும்; 1, 5, 14 என்றும், 6ஏ, 6பி, 19ஏ, 19எஃப் என்றும் எண்ணிட்டிருக்கிறார்கள். 14க்கு எதிராக உடல் கற்றுக்கொண்ட பாடம் 5க்கு எதிராக உதவாது. எல்லா வகைகளும் ஒரே மாதிரி ஆபத்தானவையும் அல்ல. வகை 1 ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கில் அபூர்வமாகத்தான் அகப்படும், ஆனால் நோயாளிகளின் ரத்தத்தில் அடிக்கடி கிடைக்கும். வேறு சில வகைகள் மூக்கில் நிறைந்திருந்தும் பெரிய தீங்கு செய்யாமல் போய்விடுகின்றன.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் உடல் இந்தச் சர்க்கரையை எதிரியாக அடையாளம் காண்பதில்லை. கிருமியின் சர்க்கரையை மட்டும் வைத்துச் செய்த தடுப்பூசிகள் 1977இல் 14 வகைகளுக்கும் 1983இல் 23 வகைகளுக்கும் வந்தும், அதிகம் சாகிற பச்சைக் குழந்தைகளுக்கு அவற்றால் பயனில்லாமல் போனது இதனால்தான். சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால் குழந்தையின் உடலும் கற்றுக்கொள்ளும் என்ற உத்தி கைகூடி, 7 வகைகளுக்கான இணைப்புத் தடுப்பூசி அமெரிக்காவில் 2000இல் வந்தது. சுமக்கும் புரதமாக அதில் இருந்தது தொண்டை அடைப்பான் நஞ்சின் தீங்கற்ற வடிவம். வியப்பு அதற்குப் பிறகு நிகழ்ந்தது. ஊசி போட்டுக்கொண்டது குழந்தைகள். நோய் குறைந்ததோ தாத்தா பாட்டிகளுக்கும். தடுக்கப்பட்ட நோயை எண்ணிப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களிடம் தடுத்ததைவிடப் போடாதவர்களிடம் தடுத்ததே அதிகமாக இருந்தது. குழந்தையின் மூக்கிலிருந்து கிருமி போனதும் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வரும் வழி அடைபட்டது. இந்த நோயின் கணக்கை மருத்துவமனைக் கட்டிலில் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

மூக்கில் அமைதியாக இருப்பது ஏன் திடீரென்று இறங்குகிறது? கொரோனா காலத்தில் இஸ்ரேலில் இதற்கு ஒரு நல்ல விடை கிடைத்தது. பெயர்செபா நகரில் ரான் டகான் போன்றவர்கள் பல்லாண்டுகளாகப் பிள்ளைகளின் மூக்கில் மாதிரி எடுத்து வந்தார்கள். ஊரடங்கில் பிள்ளைகளுக்கு நியூமோகாக்கஸ் நோய் சரசரவென்று குறைந்தது. ஊரடங்கால் கிருமி பரவாமல் நின்றுவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். மூக்கைச் சோதித்துப் பார்த்தால் கிருமி ஏறத்தாழ முன்போலவே அங்கே இருந்தது! காணாமல் போனவை ஃப்ளூ, ஆர்எஸ்வி போன்ற சளி வைரஸ்கள். வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கிக் கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் பாக்டீரியா இறங்குகிறது என்பதை ஒரு தேசமே சோதனைக்கூடமானதுபோல் அந்தக் காலம் காட்டிக்கொடுத்தது. மூக்கை எண்ணிவைத்திருந்த ஊரில்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. எண்ணாத ஊர்களில் “லாக்டவுன்ல நிமோனியா குறைஞ்சது” என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அடுப்புப் புகை, ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் நெருக்கடி, தாய்ப்பால் பாதியில் நின்றுபோவது, எடை குறைவு ஆகியவை கதவை இன்னும் அகலமாகத் திறக்கின்றன. ஏழைப் பிள்ளைகள் சீக்கிரமே கிருமியைப் பெறுவதும் இதோடு சேர்ந்ததுதான். பாப்புவா நியூ கினியின் மலைப் பகுதிகளில் மூன்று மாதம் நிறைவதற்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளின் மூக்கிலும் நியூமோகாக்கஸ் குடியேறிவிட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் தடுப்பூசியைக் குழந்தைக்கு ஒன்றரை மாதத்திலேயே போட்டாக வேண்டிய அவசரம் அங்கிருந்து வருகிறது.

வேலூரில் எண்ணியது

நம்மிடம் எண்ணும் மரபே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குரியன் தாமஸ், மேரி லலிதா ஆகியோர் முன்னின்று ஆறு மருத்துவமனைகளை ஒருங்கிணைத்து 1993 முதல் 1997 வரை நாட்டில் எந்தெந்த நியூமோகாக்கஸ் வகைகள் மக்களைச் சாய்க்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். 1999இல் லான்செட் இதழில் அது வெளியானது. வகை 1, வகை 5 ஆகிய இரண்டு மட்டுமே நோயில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் என்பது அதன் முக்கியமான முடிவு.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வந்த 7 வகைத் தடுப்பூசியில் 1ம் இல்லை, 5ம் இல்லை. அது அமெரிக்கப் பிள்ளைகளின் நோயைப் பார்த்துத் தைத்த சட்டை. அதை அப்படியே வாங்கி நம் பிள்ளைகளுக்குப் போட்டிருந்தால் கால்வாசிக்கு மேற்பட்ட நோயைத் தொட்டிருக்காது. வேலூர்க் கணக்கு இல்லாமல் போயிருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது. 10, 13 வகைத் தடுப்பூசிகள் வந்தபோது 1ம் 5ம் சேர்ந்தன. புனேயின் சீரம் நிறுவனம் ஆசிய, ஆப்பிரிக்கப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த, 2019 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று பெற்ற நியூமோசில் என்ற தடுப்பூசியிலும் இவை இரண்டும் இருக்கின்றன. ஆய்வகத்தில் தட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பதை உயிர் காக்கும் வேலையாக நம் ஊரில் யாரும் மதிப்பதில்லை. எனக்கு இது நெடுநாள் வருத்தம்.

பிறகு 2011 தொடங்கி 2015 வரை 18 மருத்துவமனைகளில் இன்னொரு கணக்கெடுப்பு நடந்தது. நியூமோகாக்கஸாக இருக்கலாம் என்று சந்தேகித்த 4,377 குழந்தைகளில் 361 பேரிடம் அது உறுதியானது. அப்போது முன்னுக்கு வந்திருந்தவை 14, 1, 5, 19எஃப். மருந்துக்கு அடங்காமையும் தெரிந்தது. கோட்ரைமாக்சசோலுக்கு மூன்றில் இரண்டு பங்கு கிருமிகள் அடங்கவில்லை, எரித்ரோமைசினுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பெனிசிலினுக்கு அடங்காதவை 8 விழுக்காடு. முந்தைய கணக்கெடுப்பில் பெனிசிலினுக்கு முழுதாகப் பணியாதவை 1.3 விழுக்காடு மட்டுமே. இடைப்பட்ட காலத்தில் அளக்கும் முறையும் மாறிவிட்டதால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மருந்துக்கடையில் சளிக்குக் கேட்டு வாங்கி ஊற்றும் ஒவ்வொரு சிரப்பும் மூக்கில் இருக்கும் கிருமிக்குப் பயிற்சி கொடுக்கிறது. மூளைக்காய்ச்சலிலும் இந்தக் கிருமிதான் முன்னால் நிற்கிறது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஒருங்கிணைத்த கண்காணிப்பில், பாக்டீரியா மூளைக்காய்ச்சல் என்று உறுதியான பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நியூமோகாக்கஸ்தான் காரணம். பிழைக்கும் பிள்ளைகளிலும் பலருக்குக் காது போகிறது.

இந்தத் தடுப்பூசி உயிர் காக்குமா என்ற கேள்வி 2005லேயே தீர்ந்துவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், கிழக்குக் கோடிக் கிராமங்களில் 17,437 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு 9 வகைத் தடுப்பூசி போட்டுப் பார்த்தார் ஃபெலிசிட்டி கட்ஸ். எக்ஸ்ரேயில் தெரியும் நிமோனியா 37 விழுக்காடு குறைந்தது. அதைவிடப் பெரிய செய்தி, எந்தக் காரணத்தாலும் நேரும் மரணங்கள் 16 விழுக்காடு குறைந்தன. மலேரியா, வயிற்றுப்போக்கு, பசி எல்லாம் இருக்கும் ஊரில் ஒரே தடுப்பூசி மொத்தச் சாவிலேயே இப்படிக் கைவைப்பது சாதாரணமல்ல. நியூமோகாக்கஸ் என்று பெயர் எழுதப்படாத எத்தனை மரணங்கள் உண்மையில் நியூமோகாக்கஸால் நேர்ந்தவை என்பதை அந்த 16 சொல்லாமல் சொல்கிறது.

இந்தியப் பொதுத் தடுப்பூசித் திட்டத்துக்கு இந்தத் தடுப்பூசி வர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2017 மே மாதம் இமாச்சலம், உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் சில மாவட்டங்கள் என்று தொடங்கினார்கள். தமிழ்நாட்டுக்கு 2021 ஜூலையில் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நாடு முழுவதற்கும் விரிந்தது. நடுவில் இருந்த காலத்தில் தனியார் மருத்துவமனையில் ஓர் ஊசிக்கு 3,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அது கிடைத்தது. புகையடுப்பு வீட்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது முதலில் கிடைத்திருக்க வேண்டியவர்களுக்கு, கடைசியில்தான் கிடைத்தது. விலை ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். அந்த ஆண்டுகளில் போன உயிர்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

இப்போது ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என மூன்று ஊசிகள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் புதன்கிழமைதோறும் இலவசம். பெண்டா, போலியோ, ரோட்டா எல்லாம் ஒரே நாளில் வருவதால், “இத்தனை குத்தணுமா, ஒண்ண அடுத்த வாரம் போட்டுக்கலாமே” என்று கேட்கும் அப்பத்தாக்கள் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர்கள் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். ஒன்பதாம் மாத ஊசி மட்டும் தவறிவிடக் கூடாது என்று இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் இரண்டு ஊசிகள் குழந்தையைக் காக்கின்றன. மூன்றாவது அந்தக் காப்பை நீட்டித்து, மூக்கில் கிருமி தங்குவதையும் குறைக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பயன் போய்ச் சேர்வது அதனால்தான். மலாவியில் 2011இல் 13 வகைத் தடுப்பூசியை ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் மூன்று ஊசியாகப் போட்டார்கள். பிந்தைய ஊசி கிடையாது. நோய் குறைந்தது. ஆனால் ஆறேழு ஆண்டு கழித்தும் பிளாண்டயர் நகரப் பிள்ளைகளின் மூக்கில் தடுப்பூசியில் உள்ள வகைகள் மறையவில்லை. அட்டவணை ஒரு காரணம், நெருக்கடி இன்னொரு காரணம். இதுவும் மூக்கைச் சோதித்ததால் தெரிந்ததுதான்.

காலியான இடத்துக்கு வருவது யார்?

நான் அஞ்சுவது இனிமேல்தான். நியூமோசில் தடுப்பூசியில் 10 வகைகள், உலகில் நூற்றுக்கு மேல். பத்தை விரட்டினால் அந்த இடம் காலியாக இருக்குமா?

அலாஸ்காவின் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு மிக அதிகமாக இந்த நோய் வந்துகொண்டிருந்தது. 7 வகைத் தடுப்பூசி வந்ததும் அது சரிந்தது. மூன்று ஆண்டு எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2004 முதல் 2006 வரையிலான கணக்கைப் பார்த்தபோது, தடுப்பூசியில் இருந்த வகைகளால் வரும் நோய் 96 விழுக்காடு ஒழிந்திருந்தது. தடுப்பூசியில் இல்லாத வகைகளின் நோய் இரண்டு மடங்குக்கும் மேலே போயிருந்தது. முன்னால் நின்றது 19ஏ. மருந்துக்கு எளிதில் அடங்காத வகை அது. அமெரிக்காவின் மற்றப் பகுதிகளிலும் அதே 19ஏ தலைதூக்கியதைத் தொடர் கண்காணிப்பு காட்டியது. 2010இல் வந்த 13 வகைத் தடுப்பூசியில் 19ஏ சேர்ந்தது, நோய் மறுபடி இறங்கியது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. 1928இல் லண்டனில் ஃபிரெடரிக் கிரிஃபித் என்ற மருத்துவர், நிமோனியா நோயாளிகளிடம் கிடைக்கும் நியூமோகாக்கஸ் வகைகளின் விகிதம் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது சட்டை இழந்த, தீங்கற்ற உயிருள்ள கிருமியையும், சூடாக்கிக் கொன்ற வேறொரு வகைக் கிருமியையும் சேர்த்து எலிகளுக்குச் செலுத்தினார். எலிகள் செத்தன. அவற்றின் ரத்தத்தில், கொன்ற வகையின் சட்டையை மாட்டிக்கொண்டு உயிருள்ள கிருமி இருந்தது. செத்த கிருமியிடமிருந்து உயிருள்ளது எதை வாங்கிக்கொண்டது என்ற கேள்விக்கு 1944இல் ஆஸ்வால்ட் ஏவரியும் உடன் உழைத்தவர்களும் டிஎன்ஏ என்று விடை கண்டார்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் மரபியலின் கதையாகப் படிக்கிறோம். கிரிஃபித்துக்கு அது தொற்றுநோயின் கதை. அவர் எலிக்குள் பார்த்த சட்டை மாற்றம் இன்றும் குழந்தைகளின் மூக்குக்குள் நடக்கிறது. ஒரே மூக்கில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்து வாழும்போது ஒன்றின் மரபணுவை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது. தடுப்பூசி அடையாளம் காணும் சட்டையைக் கழற்றிவிட்டு, அடையாளம் தெரியாத சட்டையை மாட்டிக்கொண்ட பழைய ஆபத்தான கிருமிகளைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள்.

இதைக் கேட்டு, ‘அப்படியானால் தடுப்பூசி எதற்கு’ என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. புதிதாக வரும் வகைகள் பெரும்பாலும் பழையவற்றின் அளவுக்கு ஆபத்தானவையாக இருப்பதில்லை. பிள்ளைகளிடம் மொத்த நோய் தடுப்பூசிக்கு முன்பிருந்த அளவைவிட எங்குமே மிகக் கீழேதான் நிற்கிறது. நான் சொல்வது, தடுப்பூசி போடத் தொடங்கிய நாளோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதை. இங்கிலாந்தில் ரத்தத்திலோ மூளைத் தண்டுவட நீரிலோ வளரும் நியூமோகாக்கஸ்களை நாடு முழுவதிலிருந்தும் ஒரு மைய ஆய்வகத்துக்கு அனுப்பி வகை பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு கையில் இருந்த தைரியத்தில்தான் 2020 ஜனவரியில் குழந்தைப் பருவ ஊசிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். காம்பியா நம்மைவிட ஏழை நாடு. அங்கேயே பஸ்ஸே என்ற சிற்றூரைச் சுற்றி 2008 முதல் விடாமல் கண்காணிக்கிறார்கள்.

இங்கே திறமையான ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், வேலூரில் உலகத் தரமான ஆய்வகம் இருக்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன கணக்கெடுப்புகள் எல்லாம் நிதி வந்தபோது தொடங்கி, நிதி தீர்ந்தபோது முடிந்த ஆய்வுகள். மின்கணக்கீடு எடுப்பதுபோல ஆண்டுதோறும் நடக்கும் அரசு வேலையாக இது மாற வேண்டும். ஹைதராபாத்தின் பயலாஜிக்கல் இ நிறுவனம் 22எஃப், 33எஃப் ஆகியவற்றையும் சேர்த்து 14 வகைத் தடுப்பூசி செய்திருக்கிறது. 15, 20 வகைகளுக்கானவை மேலைநாடுகளில் புழக்கத்துக்கு வந்துவிட்டன. நாளை நம் அரசு எதை வாங்குவது என்று முடிவெடுக்கும்போது, விலைப்பட்டியலோடு பெரம்பலூர்ப் பிள்ளைகளின் மூக்கிலும் தருமபுரிப் பிள்ளைகளின் மூக்கிலும் இப்போது இருப்பது எது என்ற பட்டியலும் மேசையில் இருக்க வேண்டாமா?

‘ஆக்சிஜன் இல்லாத இடம் இருக்கிறது, செவிலியர் பணியிடம் காலியாக இருக்கிறது, இதில் பஞ்சுக்குச்சிக்குப் பணமா’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கோபம். அவருக்கு என் பதில்: எண்ணுவதும் காப்பாற்றுவதும் வேறு வேறு என்று நினைக்காதீர்கள். பாப்புவா நியூ கினியில் ஃபிராங்க் ஷான் போன்ற மருத்துவர்கள் எக்ஸ்ரே இல்லாத ஊரில் மூச்சை எண்ணி நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலுக்கு அதுவே அடிப்படையாயிற்று. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்து ஆண்களையும் மருத்துவச்சிகளையும் பழக்கி மூச்சை எண்ணி மருந்து கொடுக்க வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மணிகளை நகர்த்தி எண்ணும் கருவி ஒன்றையே செய்தார்கள். அந்தக் கிராமங்களில் குழந்தைகளின் நிமோனியா மரணம், ஒப்பிட்டுப் பார்த்த மற்றக் கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இருந்தது. 1990இல் வெளியான ஆய்வு இது.

இதை ஒவ்வொரு தாயும் செய்யலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60, அதன்பின் ஒரு வயது வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளியாக இருக்காது. விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த எட்டு மாதக் குழந்தையின் வீட்டில் மூன்று நாளில் ஒரு முறை யாராவது இப்படி எண்ணியிருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் மேல் குற்றமில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. 2019இல் ஒன்றிய அரசு தொடங்கிய சான்ஸ் என்ற நிமோனியா விழிப்புணர்வு இயக்கத்தில் இவையெல்லாம் இருக்கின்றன. அது சுவரொட்டியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வர வேண்டும்.

மருத்துவர்களான எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. முதல் டோஸ் போடுவதற்கு முந்தைய நிமிடத்தில் கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பது. இந்தக் கிருமி வளர்ந்த கொஞ்ச நேரத்தில் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. குப்பியைக் காலை வரை மேசையில் வைத்திருந்தால் பயனில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆய்வகங்களுக்கு ஆட்டு ரத்தம் கலந்த ஊட்டத் தட்டும், இரவிலும் குப்பியை வாங்கிக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். அங்கே வளர்ந்ததை வகை பார்க்க மாநிலத்தில் இரண்டு ஆய்வகம் போதும். முடிவுகளை ஆண்டுக்கு ஒரு முறை, தமிழில், எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். டெங்குக் கணக்கைக் கேட்கும் பத்திரிகையாளர்கள் இதையும் கேட்கத் தொடங்குவார்கள்.

மூக்குக் கணக்குக்கு இதைவிடக் குறைவான ஏற்பாடு போதும். நான்கைந்து மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளில் சிலரிடம் தாயின் சம்மதத்தோடு எடுக்கலாம். வளையக்கூடிய மெல்லிய குச்சியை மூக்குக்குள் விட்டுச் சில விநாடி வைத்திருந்து எடுப்பார்கள். குழந்தை அழும், தும்மும், அம்மா தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்ததும் அடங்கிவிடும். குச்சியின் முனையை வெட்டி, பாலும் கிளிசரினும் கலந்த ஒரு சிறு குப்பியில் போட்டு மூடிவிட்டால், அன்று மாலை தடுப்பூசிப் பெட்டி திரும்பிப் போகும் அதே வண்டியில், தனியாக ஓர் ஐஸ் பெட்டியில், அது நகரத்துக்குப் போய்விடும்.